கடையை மறைக்காதீர்கள்: முதலாமாண்டு எம்பிஏ மாணவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஜூனில் சேர்ந்து, டெபிட் எது கிரெடிட் எது என்று பிடிபடுவதற்குள் சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வந்துவிடுகின்றன, ஹாஸ்டலில் யாருக்கும் தூக்கம் இல்லை. நானும் அப்படித் தூங்காமல் கிடந்தவன்தான். இப்போது ஒரு நுகர்பொருள் கம்பெனியின் விற்பனைப் பிரிவுக்காக உங்களிடம் கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சிவி, அதாவது உங்கள் பயோடேட்டா. சீனியரின் சிவியை வாங்கி, பெயரை மாற்றி, அதே சொற்களை நிரப்பி அனுப்புகிறீர்கள். நாற்பது சிவி படித்தால் நாற்பதும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது. போன வருடம் ஒரு மாணவி, கல்லூரி விழாவுக்கான ஸ்பான்சர் தொகையை 40 சதவீதம் உயர்த்தியதாக எழுதியிருந்தார். அதற்கு முந்தின வருடம் எவ்வளவு வந்தது என்று கேட்டேன், தெரியவில்லை. கெட்டிக்காரப் பெண்தான், ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் எங்களால் முழுசாக நம்ப முடியவில்லை.

அன்று மதியமே விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவர் வந்தார். சிவியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் சான்றிதழ்கள் மூன்று. "எங்கள் பிஸ்கட்டைக் கடைக்காரர் ஏன் முன்னால் வைப்பதில்லை?" என்று கேட்டதும் பாடப்புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, "சார், எங்க அப்பா மளிகைக்கடை வச்சிருக்கார், உள்ளதைச் சொல்லட்டுமா?" என்றார். அப்புறம் இருபது நிமிடம் அவர்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார். எந்த ஏஜென்சி ஒரு வாரம் கடன் தரும், எது கையில் காசு வாங்காமல் சரக்கை இறக்காது, தேதி முடிந்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்காத சேல்ஸ்மேனின் சரக்கை அப்பா எந்தத் தட்டுக்குத் தள்ளுவார், ஐந்து ரூபாய் பாக்கெட் இளைத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பது வரை. இதில் ஒரு வரிகூட சிவியில் இல்லை. ஏன் என்று கேட்டேன். கடை என்று போட்டால் மட்டமாக நினைப்பார்கள், எடுத்துவிடு என்று சீனியர் சொன்னாராம். எனக்கு வயிறு எரிந்தது. அவரை எடுத்தோம் என்பது வேறு விஷயம், அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் சான்றிதழைப் பற்றிப் பேசியே திருப்பி அனுப்பியிருப்போம்.

அப்புறம், 'சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்' மாதிரிக் கேள்விகளுக்கு விடையை மனப்பாடம் செய்யாதீர்கள். மக்கள்தொகையை எவ்வளவு என்று வைத்துக்கொள்கிறீர்கள், அதில் யாரைக் கழிக்கிறீர்கள், ஏன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் பார்ப்பது அதைத்தான்.

வேலைக்கான ஆஃபர் வந்தால் சிடிசி தொகையை, அதாவது உங்களுக்காகக் கம்பெனி ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவை, பார்த்ததும் வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, இலக்கை எட்டினால் மட்டும் வரும் வேரியபிள், ஒரே ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸ் எல்லாம் அதற்குள் இருக்கலாம். மாதம் கையில் எவ்வளவு வரும் என்று எச்ஆரிடம் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கல்விக்கடன் தவணை கட்டப்போவது அந்தப் பணத்தில்தான்.

சரி, இன்று இரவு உங்கள் சிவியைத் திறங்கள். அம்மாவின் தையல் ஆர்டர்களுக்குக் கணக்கு எழுதியது, மாமாவின் லாரி ஷெட்டில் டீசல் பில் பார்த்தது, வெட்கப்பட்டு நீக்கிய வரி எதுவோ, அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களிடம் கேள்வி கேட்க வரும் ஒரு அண்ணன்