போர்டிங் காசு

சிவமயம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
1945 மார்கழி

அன்புள்ள மகனுக்கு ஐயா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கு நல்லூர்க் கந்தன் துணை நிற்பான்.

யாழ்ப்பாணத்திலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு உன் கையெழுத்தை நான் கண்டது 1941 நவம்பரில். சப்பாத்து காலைக் கடிக்கிறது, அடுத்த தவணைக்கு ஏழாம் நம்பர் வேண்டும், கொம்பாஸ் பெட்டியை யாரோ எடுத்துவிட்டார்கள், வார்டன் ஏசினார் என்று இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாய். பெட்டியை வாங்கினேன். பார்சல் கட்டுவதற்குள் டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கிவிட்டான். ஜனவரி 11ஆம் திகதி கோலாலம்பூருக்குள் வந்துவிட்டான். அன்றோடு தபாலும் இல்லை, மணியோடரும் இல்லை.

இந்த முறை வந்தது அரைப் பக்கம். சுகமாக இருக்கிறேன், மழை பெய்கிறது, அண்ணன் ஏன் எழுதவில்லை. இவ்வளவுதான். இத்தனை காலத்துக்கு அரைப் பக்கம் போதுமா தம்பி? கையெழுத்து நன்றாகத் திருந்தியிருக்கிறது. அம்மா காகிதத்தை வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஆனால் சோதனையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. லண்டன் மற்றிக்குலேஷன் எழுதினாயா, எழுதப் போகிறாயா, எந்த வகுப்பில் இருக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் காரியம் பின்னுக்கு எழுதுகிறேன். முதலில் உன் படிப்பு.

அம்மானும் எழுதியிருக்கிறார். நீ எழுதாததை எல்லாம் அவர் எழுதியிருக்கிறார். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த இரவு, வார்டன் மலாயாப் பிள்ளைகளை மட்டும் சாப்பாட்டு மண்டபத்தில் நிறுத்திச் செய்தியைச் சொன்னாராம். ஈப்போப் பிள்ளைகளும் தைப்பிங் பிள்ளைகளும் அழுதார்களாம். நீ அழவில்லையாம். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாயாம். அதை வாசித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பதினாலு வயதுப் பிள்ளை அழுதிருக்கலாம்.

ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு போட்ட பிறகு அங்கே படித்த பிள்ளைகள் மெயில் வண்டி மெயில் வண்டியாக யாழ்ப்பாணத்துக்கு வந்தார்களாம். றோயல் கல்லூரிக் கட்டடமே பட்டாளத்து ஆஸ்பத்திரியாகிவிட்டதாம். உங்கள் விடுதியில் இரண்டு கட்டிலுக்கு மூன்று பேர் படுத்திருக்கிறீர்கள். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் வளைந்து வளைந்து பதுங்குகுழி வெட்டி, மற்றப் பாதியில் மரவள்ளி நட்டிருக்கிறீர்கள். விளக்குக் கண்ணாடியில் கறுப்புக் கடதாசி ஒட்டி, மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டால் ஒரு விளக்கைச் சுற்றி இரண்டு வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தீர்களாம். பர்மா விழுந்ததும் அரிசி வரத்து நின்றுபோய், கூப்பன் அரிசியோடு கோதுமை மாப் புட்டும் குரக்கனும் ஒடியல் கூழுமாகக் காலம் போயிருக்கிறது. கூழ் என்றால் நீ மூக்கைப் பொத்துவாயே. இங்கே நாங்களும் மரவள்ளிதான் தின்றோம். உனக்கும் எங்களுக்கும் ஒரே கிழங்கு என்று அம்மான் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

விடுமுறை வந்தால் மற்றப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியேறிப் போவார்கள், மலாயாப் பிள்ளைகள் விறாந்தையில் நிற்பார்கள் என்றும் அம்மான் எழுதியிருக்கிறார். தான் வந்து கூப்பிட்டபோதெல்லாம் நீ வரமாட்டேன் என்றாயாம். அம்மான் வீட்டுக்குப் போக உனக்கு என்ன வெட்கம்? உன் அம்மாவோடு கூடப்பிறந்தவர். ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே சாப்பிட்டால் அதுவும் கடன் என்று நினைத்திருப்பாய். உன் அப்பு அப்படித்தான். நானும் அப்படித்தான். அந்தக் குணம் படிக்கிற பிள்ளைக்கு ஆகாது.

இனிக் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். மலாயாப் பிள்ளைகளின் கணக்கைத் தனிப் புத்தகத்தில் எழுதி, காசு வரும்போது வரட்டும் என்று ஒருவரையும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்று அம்மான் சொல்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நம்முடைய ஏழு தலைமுறையும் கடமைப்பட்டிருக்கிறது. அப்படி இருக்க நீ ஏன் பலாலிக்குப் போனாய்? விமானத் தளத்தில் கணக்கெழுதுகிறாய், சாமான் பதிகிறாய், வாரக்கூலி வாங்குகிறாய் என்று அம்மான் ஒரே ஒரு வரியில் எழுதி, அதற்குக் கீழே 'பையன் நல்ல பையன்' என்று முடித்திருக்கிறார். அந்த வரியை விளக்கடியில் வைத்துப் பலமுறை படித்தேன். வேலை முடிந்து மாலையில் படிக்கிறாயா? படிப்பை விட்டுவிட்டாயா? வாங்குகிற கூலியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறாயா? கட்டுகிறாய் என்றால் நிறுத்து. அது உன் கடன் அல்ல. உன்னைக் கப்பலேற்றி அனுப்பியவன் நான்.

உடனே அனுப்ப என் கையில் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேர்த்து வைத்ததெல்லாம் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் கடதாசியாகிவிட்டது. றெயில்வேயில் என்னைப் பழைய மேசையில் வைத்திருக்கிறார்கள். கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்திலிருந்து பழைய நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சம்பளம் ஒழுங்காகட்டும், மாதாமாதம் மணியோடர் வரும். இலங்கையில் ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை படிப்புக்குக் காசில்லை என்று கன்னங்கரா மந்திரி சட்டம் கொண்டுவந்திருக்கிறாராமே. உங்கள் பள்ளிக்கூடம் அதற்குள் வருகிறதா என்று விசாரித்து எழுது. வந்தால் விடுதிச் சாப்பாட்டுக் காசு மட்டும்தான். அதை நான் பார்த்துக்கொள்வேன். நீ தைத் தவணைக்கு வகுப்பில் போய் உட்கார். பதினெட்டு வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்காருவதா என்று நினைக்காதே. நாலு வருடத்தை யுத்தம் தின்றது, நீ தின்னவில்லை. மற்றிக்குலேஷனை முடி. பலாலி வேலை எத்தனை நாளைக்கு? விமானம் போனால் வேலையும் போகும். படிப்பை விடாதே.

அண்ணன் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். அவன் செந்தூல் றெயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மாதம் முதல் உன் போர்டிங் காசில் பாதி அவனுடையது. தம்பிக்குச் சொல்லவேண்டாம், சொன்னால் கடிதத்தில் நன்றி நன்றி என்று எழுதிக் கழுத்தறுப்பான் என்பான். 1943இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறக்குறைய 260 மைல் றெயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் ஆள் சேர்த்தான். நம்முடைய கிழக்குக் கரைத் தண்டவாளத்தையே பெயர்த்து அங்கே அனுப்பினான். தோட்டத்துத் தமிழ்ச் சனங்களை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோனான். றெயில்வே ஆட்களிலும் பெயர் எழுதினான். அண்ணன் பெயரும் இருந்தது. மூன்று மாதம் என்றார்கள். வைகாசியில் அடைத்த சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். நான் நடைமேடையில் நின்றேன். தபால் திறந்தால் தம்பிக்குக் காசு அனுப்புங்கள், என் சம்பளத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்றான். வேறு ஒன்றும் பேச நேரமில்லை.

அவனோடு போன செந்தூல் ஆள் ஒருவர் ஐப்பசியில் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சயாமில் பான்பொங்கில் இறங்கி, காட்டுக்குள் நாட்கணக்காக நடந்து, ஆற்றோரத்து முகாமில் இருந்திருக்கிறார்கள். மழையோடு வாந்திபேதி வந்திருக்கிறது. ஆடி மாதம், இரண்டே நாளில் முடிந்துவிட்டது. மூங்கிலை அடுக்கி எரித்ததாகச் சொன்னார். தானும் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லுகிற மனிதர் அல்ல.

தம்பி, உன் அண்ணன் இல்லை.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. சயாமில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கப்பல் கிடைத்ததும் வருவான் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இப்போது நெஞ்சிடி. டாக்டர் சொன்ன அமைதி கொஞ்ச நாளாவது வேண்டும். அந்த ஆளையும் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எத்தனை நாளைக்கு இப்படி என்று நீ கேட்பாய். அவள் உன்னைக் கண்ணால் காணும்வரைக்கும் என்று நினைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றப் பிள்ளையைச் சொல்லவேண்டும். அதற்காக இப்போதே கப்பலேறாதே. சோதனையை முடித்துவிட்டு வா.

அதனால் இதைக் கவனமாகக் கேள். எனக்கு எழுதுவதை ஸ்டேஷன் விலாசத்துக்கு எழுது, உறையில் என் பெயர் மட்டும் இருக்கட்டும். வீட்டுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும். அதில் அண்ணன் எப்படி இருக்கிறான் என்று வழக்கம்போல ஒரு வரி கேள். கேட்காவிட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். நீ சாப்பிட்டதையும் படிப்பதையும் பழையபடி நெருக்கி எழுது. அரைப் பக்கம் வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு எழுதுகிற கடிதத்தோடு, 1942 தொடக்கம் உன் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று பள்ளிக்கூடத்துக் கிளார்க்கிடம் எழுத்தில் வாங்கி அனுப்பு. நீ கட்டியது இருந்தால் அதையும் ஒளிக்காமல் காட்டு. பாதி என் பெயரிலும் பாதி அண்ணன் பெயரிலும் ரசீது போடச் சொல்லி நான் கட்டுகிறேன்.

உன் ஐயா