மூணாவது பேறுகாலத்துக்கு முன்னாடி அம்மா எழுதுறது

மக்ளே,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். போன்ல பேசலாம்னா எனக்கு பகல்னா உனக்கு விடியக்காலம், இல்லன்னா பிள்ளைங்க சத்தம், பேச ஆரம்பிச்சா நீ அழுவ நானும் கோவத்துல ஏதாவது சொல்லிடுவேன், அதான் உக்காந்து டைப் பண்றேன். மெதுவா படி, மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு.

ரெண்டு சிசேரியன் ஆனவளுக்கு மூணாவத நார்மலா பாக்கலாம்னு அங்க பிரிட்டன்ல உள்ள கன்சல்டன்ட், அதான் பெரிய டாக்டர், சொன்னதும் உன் மாமியார் சத்தம் போட்டாங்கன்னு சொன்ன. அவங்கள குத்தம் சொல்லாத. நம்ம ஊர்ல ஒண்ணு ஆபரேஷன்னா அடுத்ததும் ஆபரேஷன்தான், ரெண்டு ஆனவகிட்ட பேச்சே கெடையாது, தேதி குறிச்சு கூடவே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமான்னு பேப்பர நீட்டுவாங்க. 2019-21 தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல நூறு பிரசவத்துல 45 சிசேரியன், பிரைவேட்ல மட்டும் பாத்தா 64 கிட்ட. அதுக்குள்ளயே வாழ்ந்தவங்களுக்கு அந்த டாக்டர் சொன்னது பைத்தியக்காரத்தனமாதான் தெரியும்.

நான் என்ன நெனைக்கேன்னு முதல்லயே சொல்லிடறேன், முயற்சி பண்ணலாம். ஆனா எப்படியாவது நார்மல்ல பெத்துடணும்னு பிளான் போடாத. எந்த எடத்துல நிறுத்திட்டு தியேட்டருக்குப் போறதுன்னு இப்பவே முடிவு பண்ணி எழுதி வைக்கச் சொல்லு. வலி வந்து படுத்திருக்கும்போது யோசிக்க உனக்கும் முடியாது, மாப்பிள்ளைக்கும் முடியாது. நான் இத்தனை வருஷம் லேபர் ரூம்ல பாத்ததுல ரொம்ப அவதிப்பட்டது யாருன்னா தேதி வச்சு ஆபரேஷன் பண்ணினவளும் இல்ல, நார்மலா பெத்தவளும் இல்ல, வலியெல்லாம் முழுசா பட்டுட்டு கடைசி நேரத்துல தியேட்டருக்கு ஓடுனவதான். ரத்தப்போக்கு, காய்ச்சல், தையல்ல சீழ் எல்லாம் அவளுக்குத்தான் கூட வரும்.

ஒரு தடவ சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்தான்னு 1916ல நியூயார்க்ல கிராகின்னு ஒரு டாக்டர் எழுதுனாரு, அதைத்தான் உன் மாமியாரும் அவங்களுக்கே தெரியாம சொல்றாங்க. அப்போ கர்ப்பப்பையோட மேல்பாகத்துல நெடுக்கா வெட்டுவாங்க, அந்தத் தழும்பு அடுத்த பேறுகாலத்துல தாங்காது. அப்புறம் கிளாஸ்கோல மன்ரோ கெர் மாதிரி ஆட்கள் கீழ்பாகத்துல குறுக்கா வெட்டுறத பழக்கத்துக்கு கொண்டு வந்தாங்க, அது எவ்வளவோ பலம். உனக்கு ரெண்டும் கீழ்க்குறுக்குதான்னு டிஸ்சார்ஜ் சம்மரில போட்டிருக்கு. ஆனா சம்மரி பத்தாது மக்ளே, ஆபரேஷன் நோட்ஸ் வேணும். வெளிய தோல்ல தழும்பு குறுக்கா இருக்கிறத வச்சு உள்ள எப்படின்னு சொல்ல முடியாது, பிள்ளைய எடுக்கும்போது எடம் பத்தாம சில நேரம் மேல நோக்கி கொஞ்சம் வெட்டி விட்டிருப்பாங்க, அது நோட்ஸ்ல மட்டும்தான் இருக்கும். அப்படி ஒரு வெட்டு இருந்தா நார்மல் பேச்ச விட்டுடு. ரெண்டாவது ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரில தம்பி போய் கேட்டான், ரெக்கார்ட் ரூம்ல ஆள் இல்லன்னு அலைய விடுறாங்க, எழுதிக் குடுத்து கேக்கச் சொல்லிருக்கேன், வாங்காம விடமாட்டான்.

அடுத்தது உன் 20 வார ஸ்கேன். அதுல பிள்ளை ஆணா பொண்ணான்னு கேக்குறதுக்கு முன்னாடி நஞ்சு, அதான் பிளசென்டா, எங்க இருக்குன்னு கேளு. பழைய தழும்பு மேல, கீழ்ப்பக்கமா இருக்குன்னா 32 வாரத்துல மறுபடி பாப்பாங்க, பலபேருக்கு அதுக்குள்ள மேல ஏறிடும். ஏறாம கர்ப்பப்பை வாய மறைச்சுக்கிட்டு இருந்தா அது ஆபரேஷன்தான், அதுவும் சாதாரண ஆபரேஷன் இல்ல. அமெரிக்காவுல முப்பதாயிரம் சிசேரியன பாத்து 2006ல எழுதுனதுல, நஞ்சு கீழ இருந்து அது மூணாவது சிசேரியனாவும் ஆனவங்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு நஞ்சு கர்ப்பப்பையோட ஒட்டிப் பிடிச்சிருந்துச்சு. பிரிக்கப் போனா ரத்தம் நிக்காது. இது சரியா தெரியற வரைக்கும் வலி நேரத்துல உக்கார பெரிய பந்து வாங்குறது, பாட்டு லிஸ்ட் போடுறது எல்லாம் அப்புறம்.

இப்ப நீ கேட்ட கணக்கு. ஒரு சிசேரியன் ஆகி வலி வரவிட்டு பாத்தவங்கள்ல நூத்துக்கு 72ல இருந்து 75 பேர் நார்மலா பெத்துருக்காங்க, வலி நேரத்துல கர்ப்பப்பைத் தழும்பு பிரியறது 200ல ஒருத்தருக்கு. ரெண்டு ஆனவங்களுக்கு பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து 2010ல வந்த கணக்குல நார்மல் நூத்துக்கு 71, அதுல பெரிய வித்தியாசம் இல்ல. தழும்பு பிரியறதுதான் நூத்துக்கு 1.36 ஆகுது. அதாவது சுமாரா 74 பேர்ல ஒருத்திக்கு. கேக்க சின்னதா இருக்கும். ஆனா அந்த 71க்குள்ள ஏற்கனவே ஒரு தடவ நார்மலா பெத்தவங்களும் சேந்திருக்காங்க, அவங்களுக்கு எப்பவும் சுலபம். உனக்கு அது இல்ல. பெரியவ காலு கீழ இருந்ததால ஆபரேஷன், சின்னவனுக்கு 38 வாரத்துல நாள் நட்சத்திரம் பாத்து எடுத்தாச்சு, ரெண்டுலயும் நீ வலியே பாக்கல. அதனால உன் ஒடம்புக்கு இது தலைப்பிரசவம் மாதிரிதான், வாய் திறக்க நேரமாகும். உனக்கு சாதகமா இருக்கிறத சொல்லணும்னா, வலி வந்து பிள்ளை எறங்காம ஆபரேஷன் ஆனவளவிட பிள்ளையோட தலை கீழ்ப்பக்கம் இல்லாததால ஆபரேஷன் ஆனவளுக்கு நார்மல் ஆக வாய்ப்பு ஜாஸ்தி. சின்னவனுக்கும் இதுக்கும் நாலு வருஷ இடைவெளி, அதுவும் நல்லது, ஒண்ணரை வருஷத்துக்குள்ளன்னா நானே வேண்டாம்னு சொல்லிருப்பேன்.

இன்னொண்ணு, உன் பிரெண்ட் சொல்றாளே நார்மல்னா அடுத்தடுத்து பிள்ளைக்கு நல்லதுன்னு, அது உண்மைதான், ஒவ்வொரு சிசேரியனுக்கும் நஞ்சு ஒட்டுற பயம் கூடிக்கிட்டே போகும். ஆனா நீ மூணோட போதும்னு சொல்லிட்ட. அப்ப அந்த லாபம் உனக்குக் கம்மி. உனக்குள்ள லாபம் வேற, ரெண்டாவது ஆபரேஷன்லயே உள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மூத்திரப்பைய பிரிச்சு எடுக்க நேரமாச்சுன்னு அந்த டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க, மூணாவது தடவ அதே எடத்துல கத்தி வைக்கிறது அவங்களுக்கும் கஷ்டம். அப்புறம் வீட்ல ரெண்டு பிள்ளை, தூக்குன்னு நிக்கும், ஆறு வாரம் தூக்காதேன்னா நீ கேப்பியா.

ஒண்ணு சொல்லணும், பயமுறுத்த இல்ல. நான் வேலைல இருந்தப்போ ஒரு பொண்ணு, முதல் பிள்ளை சிசேரியன், வெளிய எங்கயோ பகல் பூரா வலி வர மருந்து ஏத்திப் பாத்துட்டு ராத்திரி ஆம்புலன்ஸ்ல எங்ககிட்ட அனுப்புனாங்க. வண்டில வரும்போதே வலி பட்டுன்னு நின்னுடுச்சுக்கா, இப்ப பரவால்லன்னு சொல்லிச்சு. நான் வயித்துல கை வச்சேன், பிள்ளையோட கை கால் தோலுக்கு அடியிலயே தட்டுப்படுது. மூத்திர டியூப் போட்டா ரத்தமா வருது. பொண்ண காப்பாத்தியாச்சு, கர்ப்பப்பைய எடுத்தாச்சு. பிள்ளை இல்ல. அதனால ஞாபகம் வச்சுக்கோ, வலி வந்து வந்து போகணும், நடுவுல வயிறு தளரணும். தளராம ஒரேயடியா வலிச்சாலும், தழும்புகிட்ட சுருக்குன்னு பிடிச்சாலும், ரத்தம் பட்டாலும், நல்லா வந்த வலி திடீர்னு நின்னாலும், தோள்பட்டைல வலிச்சாலும் உடனே சொல்லணும், பிரசவம் பாக்குற மிட்வைஃப் டீ குடிச்சுட்டு வரட்டும்னு காத்திருக்காத. மாப்பிள்ளை இந்த எடத்த ரெண்டு தடவ படிக்கட்டும்.

அதே லேபர் ரூம்லதான் இன்னொருத்தி, அவளும் ரெண்டு ஆபரேஷன் ஆனவ, வீட்ல வலிய மறைச்சு வச்சு வாய் முழுசா திறந்தப்புறம் வந்து டாக்டர் கிளவுஸ் மாட்டுறதுக்குள்ள பெத்துப் போட்டா. நல்லாத்தான் இருந்தா. அவளப் பாத்து யாரும் பிளான் போட வேண்டாம்.

வாட்ஸப் குரூப்ல யாரோ வீட்லயே தண்ணி டப்ல பெத்தாங்கன்னு போட்டோ அனுப்பிருந்தியே, அது உனக்கு கெடையாது. அதுல நான் பேரம் பேச மாட்டேன். லேபர் வார்டு, கைல ஊசி லைன், பிள்ளையோட இதயத்துடிப்ப விடாம பாக்குற சிடிஜி மெஷின், ரத்தம், ராத்திரி ரெண்டு மணிக்கும் திறக்குற தியேட்டர், இவ்வளவும் இருக்கிற எடத்துலதான். பல நேரம் தழும்பு பிரியுதுங்கிறத முதல்ல காட்டிக் குடுக்குறது பிள்ளையோட துடிப்புதான். ஒயர் இல்லாத மெஷின் இருக்கான்னு கேளு, இருந்தா நடக்கலாம், படுத்தே கெடக்க வேண்டாம். வலி தெரியாம இருக்க முதுகுல எபிடியூரல் ஊசி போட்டா தழும்பு பிரியற வலி தெரியாம போயிடும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க, அங்க அத காரணமா வச்சு மறுக்க மாட்டாங்க, முடியலன்னா போட்டுக்கோ, வீரத்தனம் வேண்டாம்.

கன்சல்டன்ட்கிட்ட அடுத்த தடவ போகும்போது முக்கியமா கேக்க வேண்டியது, தானா வலி வரலன்னா என்ன பண்ணுவீங்க. மருந்து வச்சு வலி வரவச்சாலோ டிரிப்ஸ் ஏத்தி வலிய கூட்டுனாலோ தழும்பு பிரியற ஆபத்து ரெண்டு மூணு மடங்கு ஆகும், ஆபரேஷன் ஆகுற வாய்ப்பும் ஒண்ணரை மடங்கு. மிசோப்ராஸ்டால் மாத்திரை தழும்பு உள்ளவளுக்கு வைக்கவே கூடாது. பலூன் வச்சு வாய திறக்கிறது அதவிட தேவலாம். நான் உன் எடத்துல இருந்தா ரெண்டு தழும்பு மேல டிரிப்ஸ் வேண்டாம்னு எழுதச் சொல்லுவேன், தானா வலி வந்தா பாக்கலாம், 41 வாரத்துக்குள்ள வரலன்னா தேதி வச்சு ஆபரேஷன். வலி வந்தப்புறமும் இத்தனை மணி நேரம் வாய் திறக்காம நின்னா ஆபரேஷன்னு அந்த மணி நேரத்தையும் அவங்களே சொல்லி எழுதட்டும். பிள்ளை இந்தத் தடவயும் காலு கீழ இருந்தா ஒண்ணும் யோசிக்க வேண்டியதில்ல.

கேள்வி கேட்டா டாக்டர் கோச்சுக்குவாங்களோன்னு நெனைக்காத, அது இங்கதான். பிரிட்டன்ல 2015ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு, மாண்ட்கோமரி கேஸ். ஸ்காட்லாந்துல சுகர் உள்ள, உயரம் கம்மியான ஒரு அம்மா, பிள்ளை பெருசா இருந்தா தோள் மாட்டிக்கும்ங்கிறத டாக்டர் சொல்லவே இல்ல, சொன்னா சிசேரியன் கேப்பாங்கன்னு. 1999ல அப்படியே மாட்டி பிள்ளைக்கு மூளை பாதிச்சுடுச்சு. அந்த அம்மா கோர்ட் கோர்ட்டா தோத்து கடைசில ஜெயிச்சாங்க. இப்ப உனக்கு எந்த ஆபத்து முக்கியமோ அத அவங்க உன்கிட்ட சொல்லியாகணும், வேற வழி என்ன இருக்குன்னும் சொல்லியாகணும். ஆபரேஷனே வேணும்னு நீ சொன்னாலும் அது உன் உரிமைதான். 37வது வாரத்துல மனசு மாறினா யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. ஊர்ல உன் பெரியத்தை ரெண்டும் கத்தி வச்சு எடுத்ததுதானேன்னு கல்யாண வீட்ல கேட்டத நீ இன்னும் மனசுல வச்சிருக்கன்னு எனக்குத் தெரியும். அவளுக்காக ஒரு வலியும் பட வேண்டாம்.

இப்ப வீட்டு விஷயம். ஆபரேஷன்னா தேதி தெரியும், இதுக்கு தெரியாது, ராத்திரி ஒரு மணிக்கு வலி எடுத்தா பெரியவளையும் சின்னவனையும் யார் பாப்பாங்க. நான் 37 வாரத்துக்குள்ள அங்க இருக்கணும், விசா பேப்பர் எல்லாம் தம்பி எடுத்து வச்சிட்டான். மாப்பிள்ளைகிட்ட சொல்லு, டிக்கெட் கொஞ்சம் காசு கூட ஆனாலும் தேதி மாத்துற மாதிரி எடுக்கச் சொல்லு, நீ 41 வாரம் வரைக்கும் இழுத்துட்டு அப்புறம் ஆபரேஷனும் ஆச்சுன்னா நான் எப்படி கெளம்புறது. நான் வர்றதுக்கு முன்னாடியே வலி வந்தா பக்கத்து வீட்டு பஞ்சாபி அக்கா வருவாங்களான்னு இப்பவே கேட்டு வை, வெக்கப்படாத. பேறுகால மருந்துப் பொடியும் கருப்பட்டியும் கொண்டு வரேன், ஏர்போர்ட்ல என்னென்ன விடுவாங்கன்னு பாத்து சொல்லு, போன தடவ மாதிரி நல்லெண்ணெய அங்க விட்டுட்டு வர முடியாது.

அம்மா