கடைசிப் பந்தியில் நியூ ஜெர்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் ஊர்க் கட்சிகளில் இப்படி நடக்காதா என்று சென்ற இதழ்க் கட்டுரை ஏங்கியிருந்தது. நியாயமான ஏக்கம்தான். ஆனால் எந்த மாநிலம் எப்போது ஓட்டுப் போடுகிறது என்ற விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. நியூ ஜெர்சியில் ஓட்டு வைத்திருக்கும் எனக்கு உறுத்தியது அதுதான்.

ஐயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். எங்கள் முறை ஜூனில். அதற்குள் பெரும்பாலும் மோர்தான் மிச்சம். 2016-இல் ஜூன் 7 அன்று எங்களுக்கு ஓட்டுப்பதிவு. முந்தின நாள் இரவே, ஹிலாரி கிளிண்டன் வேட்பாளராகத் தேவையான அளவு கட்சிப் பிரதிநிதிகளின் ஆதரவு சேர்ந்துவிட்டதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. 2020-இல் கொரோனாவால் எங்கள் தேர்தல் ஜூலைக்குப் போனது. ஜோ பைடனோடு மோதிய பெர்னி சாண்டர்ஸ் ஏப்ரலிலேயே விலகியிருந்தார். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு மொய் எழுதுவதுபோலத் தபால் ஓட்டை அனுப்பினேன். 2008-இல் மட்டும் நியூ ஜெர்சி பிப்ரவரி 5-க்கு முந்திக்கொண்டது. ஒபாமாவா, ஹிலாரியா என்று முடிவாகாத நேரம். பின்னர் செலவைக் காரணம் காட்டி மறுபடியும் ஜூனுக்கே போய்விட்டார்கள்.

சரி, முந்தி ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்களா என்றால் அதுவும் இல்லை. 2020-இல் ஜோ பைடன் ஐயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி 29-இல் தென் கரோலினா அவரைத் தூக்கிவிட்டது. அடுத்த இரண்டு நாட்களில் அவரோடு போட்டியிட்ட பீட் புட்டிஜெஜும் ஏமி குளோபுச்சரும் விலகினார்கள். மார்ச் 3 'சூப்பர் டியூஸ்டே'. கலிபோர்னியா உட்பட 14 மாநிலங்களில் தேர்தல். தபாலில் முன்கூட்டியே அந்த இருவருக்கும் ஓட்டுப் போட்டவர்களின் ஓட்டு என்ன ஆனது? வீண்தான்.

வேட்பாளர்கள் பாடு இன்னும் வேடிக்கை. 2012-இல் குடியரசுக் கட்சிப் போட்டியில், ஐயோவாவில் 8 ஓட்டு வித்தியாசத்தில் மிட் ராம்னி ஜெயித்ததாக அன்றிரவு சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து, இல்லை, 34 ஓட்டு முன்னால் இருப்பவர் ரிக் சான்டோரம் என்றார்கள். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் முடிந்து, வெற்றியாளர் என்ற பெயரும் அதோடு வரும் நன்கொடையும் ராம்னி பக்கம் போயிருந்தன. தாமதமாக வந்த வெற்றியை வைத்து சான்டோரம் என்ன செய்வார், பாவம்.

அதற்காக நாடு முழுக்க ஒரே நாளில் நடத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி இருந்திருந்தால் 1976-இல் வெளியே யாருக்கும் தெரியாத ஜிம்மி கார்ட்டர் தலையெடுத்திருக்க முடியாது. கையில் பெரிய பணம் இல்லாதவர் சின்ன மாநிலத்தில் வீடு வீடாகப் போய்த்தான் பேர் வாங்க முடியும். என் குறை, அந்தச் சின்ன மாநிலம் எப்போதும் ஒன்றாகவே இருப்பதுதான். தான்தான் முதலில் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. 2024-இல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்தபோதும் நியூ ஹாம்ப்ஷயர் கேட்கவில்லை. ஜனவரியிலேயே நடத்தி முடித்தது.

நாட்டை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, முறை வைத்துச் சுழற்றலாம் என்று மாநிலங்களில் தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர்களின் தேசியச் சங்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திட்டம் தந்தது. எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் அதிலும் ஐயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் மட்டும் முதல் பந்தியில் தனியாக இலை போட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி