புயலன்று முதலில் யாருடைய முறை? ஒளியிழை டெண்டர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தில் அரசு அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் ஒளியிழையில் இணைக்க டெண்டர் விதிமுறை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இத்தகைய விதிமுறைகளில் வழக்கமாக ஒரே வரிதான் இருக்கும்: "அலுவலகத்துக்கு 100 எம்.பி.பி.எஸ்." நெரிசலில் யாருக்கு எவ்வளவு கட்டாயம் கிடைக்க வேண்டும், எத்தனை மில்லிசெகண்டுக்குள் என்பதையும் எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது போன்ற ஒரு நாளில், குறிஞ்சிப்பாடியும் புவனகிரியும் பரங்கிப்பேட்டையும் சேதப் படங்களை ஒரே நேரத்தில் அனுப்பும். கட்டுப்பாட்டு அறைக்கான அழைப்பும் அதே இழையில்தான் போயாக வேண்டும்.

ஓர் இழையைப் பலருக்குப் பகிரும் ஜிபான் முறையில், நிலையத்தின் ஒரு போர்ட்டுக்குக் கீழ்நோக்கி (பயனருக்கு) 2.488 ஜி.பி.பி.எஸ்., மேல்நோக்கி (பயனரிடமிருந்து) அதில் பாதி, 1.244. ஸ்ப்ளிட்டர் வைத்து 32 பேருக்குப் பிரித்தால், எல்லோரும் சேர்ந்து அனுப்பும்போது ஆளுக்கு 38 எம்.பி.பி.எஸ். சொச்சம். 100 வருவது அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கும்போதுதான்.

வீராணத்தில் தண்ணீரைத் தேக்கி, முறை வைத்துத் திறந்துவிடலாம். ஒளியைத் தேக்க ஏரி கிடையாது. 10 ஜி.பி.பி.எஸ்.ஸில் 1500 பைட் பாக்கெட் ஒன்றை அது கடந்துபோகும் 1.2 மைக்ரோசெகண்டுக்குத் தாமதிக்கவே சுமார் 240 மீட்டர் இழையைச் சுருட்டி வைக்க வேண்டும். நுழைந்தபின் நடுவில் வெளியே எடுக்கவும் முடியாது. அதனால் ஒளி கிளம்பும் முன்பே முறை முடிவாகிவிட வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கும் ஓ.என்.டி. பெட்டி தன் மெமரியில் எவ்வளவு காத்திருக்கிறது என்று சொல்லும், நிலையத்தில் இருக்கும் ஓ.எல்.டி. கருவி 125 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பிரேம் வீதம் யார் எப்போது அனுப்பலாம் என்று பதில் தரும்.

அந்த முறை டி-கான்ட் என்ற வரிசைகளுக்குத்தான் கிடைக்கிறது, சிக்கலும் அங்கேதான். தொலைபேசிக்கு முதல் வகை: கேட்காமலே கிடைக்கும் நிலையான பங்கு. ஓர் அழைப்புக்கு ஏறக்குறைய 90 கே.பி.பி.எஸ். என்றால் 10 அழைப்புக்கு 1 எம்.பி.பி.எஸ்.; 32 இடத்துக்கும் ஒதுக்கினாலும் நூற்றுக்கு மூன்று கூட ஆகாது. ஆனால் இந்தப் பங்கைப் பயன்படுத்தாவிட்டாலும் மற்றவர்களுக்குப் போகாது, எனவே வீடியோவை இதில் போடாதீர்கள். மருத்துவ ஆலோசனை வீடியோவுக்கு இரண்டாம் வகை, அதாவது உறுதி செய்த பங்கு, 4 எம்.பி.பி.எஸ். கண்காணிப்புக் கேமராவுக்கு மூன்றாவது: ஓர் உறுதிப் பங்கு, மிச்சம் இருந்தால் கூடுதலும். கோப்பு, படம், பேக்கப் எல்லாம் நான்காவது: மிச்சம் இருந்தால் கிடைக்கும். முதல் இரண்டின் கூட்டுத்தொகையோடு மூன்றாவதன் உறுதிப் பங்கையும் சேர்த்தால் போர்ட்டின் கொள்ளளவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கருத்து.

களத்தில் இது கெடுவது பெரும்பாலும் சில்லறைக் காரணத்தால். நிறுவ வருபவர் ஒரே டெம்ப்ளேட்டைப் போட்டு, எல்லா வி.லேனையும் (குரல், கேமரா, கோப்பு எனப் பிரித்த தனித்தனி உள்வலைகள்) ஒரே டி-கான்ட்டில் கட்டிவிட்டுப் போவார். கேமரா பேக்கப் ஓடத் தொடங்கியதும் அழைப்பில் குரல் துண்டு துண்டாக வரும். அல்லது ஐ.பி. போனுக்கும் ஓ.என்.டி.க்கும் இடையே இருக்கும் மலிவான சுவிட்ச், குரல் பாக்கெட்டில் குறித்த 802.1பி முன்னுரிமை எண் 5-ஐ 0 (சாதாரணம்) ஆக்கிவிடும். ஓ.எல்.டி.யிலிருந்து மேல் வலைக்குச் செல்லும் அப்லிங்கில் முன்னுரிமை வரிசைக்கு உச்சவரம்பு வைக்காவிட்டால், எவரோ தவறாக 5 என்று குறித்த அப்லோடு மற்ற எல்லாரையும் பட்டினி போடும். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான்.

இன்னொன்று: கடலூரில் ஓ.எல்.டி. வைத்துச் சிதம்பரம் வரை இழுக்க எண்ண வேண்டாம். பி-பிளஸ் வகை ஒளிக்கருவியின் ஒளி இழப்பு வரம்பு 28 டி.பி. (டெசிபல்). 32-வழி ஸ்ப்ளிட்டரே சுமார் 17 எடுத்துக்கொள்ளும், 20 கிலோமீட்டர் இழை 7; சிதம்பரம் அதைவிடத் தூரம். மிஞ்சும் 4-இல்தான் இணைப்பிகள், ஒட்டுகள், எதிர்காலப் பழுதுகள் எல்லாம்.

ஏற்புச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி முடிக்காதீர்கள். 31 ஓ.என்.டி.களிலிருந்தும் நான்காம் வகையில் மேல்நோக்கி நிரப்பிவிட்டு, 32-ஆவதிலிருந்து குரல் பாக்கெட் அனுப்பி 24 மணி நேரம் அளக்கச் சொல்லுங்கள். ஓ.எல்.டி. வரை ஒருவழித் தாமதம் 5 மில்லிசெகண்டுக்குள், இழப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழ் என்று எண்ணாகவே விதியில் இருக்கட்டும். சராசரி போதாது, அதிகபட்சத் தாமதத்தையும் கேளுங்கள். கடைசித் தவணைப் பணத்தை இந்த அறிக்கை கைக்கு வந்த பிறகே விடுவியுங்கள்.

இப்படிக்கு,
ஒளியிழை வலையமைப்புப் பணியாளர்கள் சிலர்
கடலூர்