மதகு போடுகிறவர்களுக்கு ஒரு மடல்

தோட்டத்து ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போக மதகு போடும் கொந்தராத்துக்காரர்களுக்கும், அந்த வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஐயாமாருக்கும் வணக்கம்.

காசல்ரீ, மவுசாக்கலை அணைகளை உடைத்துத் தாருங்கள் என்று கேட்க வரவில்லை. கடலில் பிறந்து ஆறேறி வளர்கிற விலாங்குக்கு அந்தப் பக்கம் வழி அடைபட்டு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது, அது உங்கள் கையில் இல்லை. எனக்கு வேண்டியது, மழைக்கு ஓடையேறுகிற மீனுக்காக மதகின் ஹியூம் பைப்பை (கொங்கிரீட் குழாயை) ஓரடி கீழே இறக்கிப் போடுவதுதான்.

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடித்து ஓயா (ஆறு) கலங்கி வந்ததும் கெண்டை வகைகளில் பல, பெரிய ஆற்றை விட்டுப் பக்கத்து ஓடைகளுக்குள் ஏறும். ஆற்று வெள்ளத்தில் முட்டையும் குஞ்சும் அடிபட்டுப் போகும், ஓடையிலோ சரளைக்கல் இடுக்கும் ஒதுங்க இடமும் தீனியும் உண்டு. தண்ணீர் வற்றும்போது இறங்கிவிடும். கித்துல்கலப் பக்கத்து மஹ்சீர் என்கிற பெரிய கெண்டையும் வெள்ளத்தோடு மேலேறுகிற சாதிதான்.

சரி, இதில் உங்கள் மதகு எங்கே வருகிறது? பைப்பை ஓடைப் படுகைக்கு மேலே வைத்துக் கொங்கிரீட் போடுகிறீர்கள், இரண்டு மழைக்குள் வாய்க்குக் கீழே மண் அரித்துப் பைப் அந்தரத்தில் தொங்குகிறது. வயிறு புடைத்த மீன் துள்ளும், கொங்கிரீட் விளிம்பில் மோதி விழும், மறுபடி துள்ளும். கீழே பொடியன்மார் பழைய சேலையை விரித்துக்கொண்டு நிற்பார்கள் (அவர்களைத் திட்டி என்ன செய்ய, மீனைக் கூட்டிக் கொடுத்ததே மதகுதானே). தப்பித்தவறி உள்ளே போனாலும் வழுவழுப்பான குழாயில் தண்ணீர் விரட்டுகிற வேகத்துக்குச் சின்ன மீன் பாதியில் களைத்துவிடும். கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு ஏறுகிற மீனுக்கு வேண்டுமானால் ஒரு வழி கிடைக்கும், கெண்டைக்கு அதுவும் இல்லை.

பைப்பின் அடி படுகைக்குக் கீழே இருக்கட்டும், கல்லும் மணலும் தானாக உள்ளே படியும். ஓடையின் அகலத்துக்குக் கிட்டவாவது பைப் இருந்தால் மழை வெள்ளத்துக்கு ரோடும் உடையாது, அது உங்களுக்கே லாபம். ஏற்கெனவே தொங்குகிறவற்றை இடிக்க வேண்டாம், கீழ்ப்பக்கம் பெரிய கற்களைப் படிபடியாக அடுக்கி, படிக்குப் படி கொஞ்சம் தண்ணீர் தேங்க விட்டாலே போதும். அப்புறம், வேலையை மார்ச்சுக்கு முன்னால் முடித்துவிடுங்கள், மீன் ஏறுகிற நேரத்தில் ஓடையை மண்மூட்டை போட்டு மறிக்காதீர்கள்.

அடுத்த எஸ்டிமேட்டில் அந்த ஓரடித் தோண்டலுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.