பாதுகாவலரைத் தேடும் முன் அவரிடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் பதினெட்டு வயதைக் கடந்தாலும், முதியவர் ஒருவருக்கு மறதி தொடங்கினாலும், வங்கியிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் முதலில் எழும் கேள்வி, 'இவருக்குப் பாதுகாவலர், அதாவது இவருக்காகச் சட்டப்படி முடிவெடுப்பவர், யார்?' என்பதுதான். விஷயத்தை அவருக்குப் புரியும்படி யாராவது எடுத்துச் சொன்னார்களா, அவருடைய விருப்பம் என்ன என்று பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் சட்டம் முதலில் விசாரிக்கச் சொல்வது அதைத்தான்.

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும் வாரிசுரிமை பெறவும், தம் பணத்தைத் தாமே கையாளவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரைப் போலவே சம உரிமை உண்டு என்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் முடிவெடுக்கத் துணை நிற்பவர் தம் விருப்பத்தை அவர்மேல் திணிக்கக் கூடாது. ஒரு சொத்துப் பரிமாற்றத்தில் இருவர் நலனும் மோதினால், அந்தக் காரியத்திலிருந்து துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும். போதிய துணை அளித்த பிறகும் அவரால் முடிவெடுக்க இயலவில்லை என்று தெரிந்தால் மட்டுமே, 14ஆவது பிரிவின்படி வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் வருகிறார். அவரும் ஒரு குறிப்பிட்ட முடிவுக்காக, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, அம்மனிதரைக் கலந்துகொண்டே செயல்பட வேண்டும். வேறு சட்டங்களின் கீழ் ஏற்கெனவே நியமிக்கப்பட்ட பாதுகாவலர்களும் இனி இந்த வரம்புக்குள்தான் அடங்குவார்கள் என்று அதே பிரிவு சொல்வதை அறிந்த குடும்பங்கள் மிகக் குறைவு.

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. எங்கள் தாயார் காலமான பின், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள வயலில் அவனுக்கும் ஒரு பங்கு வந்தது. பாதுகாவலர் சான்று வாங்கி, அதை விற்று, பணத்தை வைப்புத்தொகையாகப் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பத்திரத்தைக் காட்டிக் கேட்டபோது தம்பி எதுவும் பேசவில்லை. பின்னர் அவனை வயலுக்கே அழைத்துச் சென்றோம். விற்றால் இங்கே வேறு ஒருவர் நடவு செய்வார், நாம் வர முடியாது. குத்தகைக்கு விட்டால் வயல் நம்முடையதாகவே இருக்கும், நெல் வரும் என்று வரப்பில் நின்று மெதுவாக விளக்கினோம். வேறொரு நாளில், வேறொருவரை விட்டுக் கேட்கச் சொன்னோம். நடுவில் ஒரு பிசான நெல் பருவமும் கடந்தது. ஒவ்வொரு முறையும் அவன் சொன்னது ஒன்றுதான்: விற்க வேண்டாம். அவன் முடிவெடுக்கத் தெரியாதவன் அல்லன். அவனுக்குப் புரியும் விதத்தில் கேட்பதற்கு எங்களுக்குக் காலமும் பொறுமையும் தேவைப்பட்டன. சட்டம் 'துணை' என்று குறிப்பிடுவது இந்த உழைப்பைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

'அப்படியானால் ஏமாற்றுபவர்கள் எழுதி வாங்கிவிட மாட்டார்களா?' என்ற அச்சம் நியாயமானது. ஆனால் முழு அதிகாரமும் ஒரே பாதுகாவலர் கையில் போனால் ஏமாற்றுவது இன்னும் எளிது. ஏமாற்றப்பட்டவர் புகார் சொன்னாலும், அவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்று முன்பே எழுதிவைத்தாயிற்றே! எவ்வகையிலும் தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத நிலையில் சிலர் இருக்கிறார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு முழுமையான துணை வழங்கவும் அந்த 14ஆவது பிரிவிலேயே இடம் உண்டு. அந்தச் சிலருக்கான ஏற்பாட்டை எல்லோர் மீதும் போர்த்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

முதியோர் விஷயத்தில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை எழுதி வாங்கிவிட்டால், தந்தைக்கு நினைவு தவறிய பிறகும் அது செல்லும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனநிலை குன்றியதும் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. மறதி நோய்க்கு ஆளானவர்களுக்கென்று தெளிவான சட்ட வழி இல்லாததால், குடும்பங்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. அயர்லாந்து, 1871ஆம் ஆண்டின் பழைய பாதுகாவலர் முறையை 2023 ஏப்ரலில் கைவிட்டு, தனக்கு உதவுபவரையும் தன்னோடு சேர்ந்து முடிவெடுப்பவரையும் அவரவரே தேர்ந்துகொள்ளும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. நம் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இதைப் பரிசீலிக்க வேண்டும். அதுவரை, நினைவு தெளிவாக இருக்கும்போதே முதியவர்கள் தம் விருப்பங்களைச் சாட்சிகளோடு எழுதிவைப்பது நல்லது. பிள்ளைகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதுபவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்க்க வேண்டும். அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் முறையிட்டுச் செட்டில்மெண்டை ரத்து செய்யக் கோரலாம்.

மாவட்ட நிர்வாகத்திடம் என் வேண்டுகோள்கள் இவை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர் குழுவுக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். அக்குழு ஒவ்வொரு விண்ணப்பத்திலும், இதுவரை என்ன துணை அளிக்கப்பட்டது, எந்த முடிவுக்காக, எவ்வளவு காலத்துக்குப் பாதுகாவலர் தேவை என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சம்பந்தப்பட்டவரை, உறவினர்கள் அருகில் இல்லாமல், அவருக்குப் பழகிய இடத்தில் சந்தித்துப் பேச வேண்டும். சார்பதிவாளர்களும் முதியவர் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைப் பதியும் முன் அவரைத் தனியே விசாரிக்கலாம். கணக்குத் தொடங்க வரும் எல்லா அறிவுசார் குறைபாடுடையவர்களிடமும் பாதுகாவலர் சான்று கேட்கும் பழக்கத்தை வங்கிகள் நிறுத்த வேண்டும்.

நூறாண்டுக்கு மேலாகக் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி நடத்திவரும் ஊர் பாளையங்கோட்டை. சைகை மொழி நன்கறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். காது கேளாத ஒருவர் பத்திரம் பதிய வரும் நாளில், உடன்வந்த உறவினரின் விளக்கத்தை மட்டும் நம்பாமல், அத்தகைய ஒருவரை அழைத்து உட்கார வைப்பதைப் பதிவுத்துறை உடனே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேரன்மகாதேவி