துப்பாக்கி அறைச் சாவி வைத்திருப்பவர்களுக்கு

குமரி மாவட்டக் காவல் நிலையங்களில் துப்பாக்கி அறையின் பொறுப்பைப் பார்க்கும் ரைட்டர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

ராணுவத்தில் 17 வருடம், அப்புறம் ஒரு வங்கி வாசலில் 13 வருடம் துப்பாக்கியோடு நின்று ஓய்வு பெற்றவன் நான். வீடு முட்டத்துப் பக்கம். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்புதான் உண்டு. உரிமம் பெற்ற, 12 போர் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்; வங்கி வேலையில் இருந்தவரை எனக்கு அதில் விலக்கு கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு எல்லாரையும் போல நானும் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நடைமுறை அப்படி, நல்ல நடைமுறையும்கூட.

2024 மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தலை அறிவித்தார்கள். அந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை ஜூன் 4. நடத்தை விதிகள் விலகி துப்பாக்கி கைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் நம் ஊரில் என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரலில் புழுக்கம், மே மாதம் கோடை மழை, மே 30ஆம் தேதி கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பம். அங்கே ஆரம்பித்தால் நமக்கும் ஆரம்பம்தான்.

எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. துப்பாக்கியைத் திருப்பி வாங்கியபோது மேசைமேல் வைத்து உறையைக் கழற்றினேன். இடது குழலில் இரண்டு அங்குல நீளத்துக்குச் செந்துரு. எண் எழுதி ஒட்டிய சீட்டுக்கு அடியில், சீட்டின் அளவுக்கே அளந்து வெட்டினதுபோல ஒரு சதுரம். விசைக் காப்பு வளையத்தின்மேல் ஒரு விரல் ரேகை, அப்படியே துருவில் பதிந்திருந்தது. ரேகைப் பிரிவுக்கு அனுப்பினால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் நின்ற காவலர் தம்பி நல்ல மனதோடு, "சார், உப்புத்தாள் இருக்கு, ரெண்டு இழுப்பு இழுத்தா போயிரும்" என்று கிளம்பினார். நான் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

முதலில் அந்த உப்புத்தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழலின்மேல் தெரியும் கருநீலம் பெயிண்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டோடு கறுப்பு ஆக்சைடாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு வகையில் அதுவும் துருதான், ஆனால் நல்ல துரு. மெல்லிய படலம், எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத்தாள் பட்டால் அது போய்விடும், அடுத்த மழைக்கு அந்த இடம் மொத்தமும் சிவக்கும். வந்த துருவை எடுக்க எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய இரும்பு நாரால், நயமாக, சுற்றிச் சுற்றித் தேய்த்தால் போதும். நான் அப்படித்தான் எடுத்தேன். நிறம் கொஞ்சம் மங்கியது, குழி விழவில்லை. தப்பித்தேன்.

இனி என் தவறு. துப்பாக்கியைக் கொடுத்தபோது உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கேன்வாஸ் உறையில் போட்டுக் கொடுத்தவன் நானேதான். பத்திரமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. பஞ்சும் கேன்வாஸும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். தோல் உறை இன்னும் மோசம், பதனிடும்போது போட்ட உப்பும் அதில் இருக்கும். உறை என்பது வழியில் கொண்டுபோகத்தான், வைத்துப் பூட்டுவதற்கு இல்லை. ராணுவத்தில் கோத் என்கிற ஆயுத அறையைப் பார்க்கும் என்சிஓ இதை எத்தனை தடவை கத்திச் சொல்லியிருப்பார்! எங்கள் கோத்தில் துப்பாக்கி உறையில்லாமல் ரேக்கில்தான் நிற்கும். குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றை இழுத்து, துண்டுத் துணியால் துடைத்து, எண்ணெய்க் கையோடு உள்ளே வைத்தால்தான் கையெழுத்து. ஓய்வு பெற்றதும் அதெல்லாம் மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் இரும்புப் பீரோவையும் சோதித்துப் பார்த்தேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை 82 சதவீதம் காட்டியது. கருவி பொய் சொல்கிறதோ என்று அதற்கும் ஒரு பரீட்சை வைத்தேன். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைக் கூழ்போல நனைத்து, கருவியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் சரியாக 75 காட்ட வேண்டும். 76 காட்டியது. ஆக பொய் சொன்னது கருவி இல்லை, என் பீரோ. இரும்புப் பெட்டி என்றால் உள்ளே காய்ந்திருக்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். பூட்டு திருடனைத்தான் தடுக்கும்.

அந்தப் பரீட்சைக்குக் கல்லுப்பு ஆகாது. அதில்தான் நம் கடற்கரையின் சங்கதியே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும் என்பது பொதுக் கணக்கு. உப்பு படிந்த இரும்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் 33 சதவீதம் ஈரம் இருந்தாலே அது தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ஆனி ஆடியில் அடுக்களையில் கல்லுப்புப் பானை கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் துப்பாக்கியின்மேலும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் ஒன்று படிந்தால் அது தனக்கென்று ஒரு துளி தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் கடலோர நிலையங்களில் வெறும் எண்ணெய் போட்டால் போதாது. முதலில் உலர்ந்த துணியால் உப்பைத் துடைக்க வேண்டும், அப்புறம்தான் எண்ணெய். துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்க்க வெறும் கையால் தொட்டால் வியர்வை உப்பும் சேரும். என் துப்பாக்கியில் பதிந்த ரேகை அப்படி வந்ததுதான்.

எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெயைத் தேடவேண்டாம். நம் ஊரில் பூட்டு, கதவுக் கீல், தலை, வடை எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். நாள் பட்டால் காறிப்போகும், அதில் உண்டாகும் அமிலம் பித்தளைப் பாகத்தில் பச்சைக் களிம்பை ஏற்றும். மார்கழிக் குளிரில் உறைந்தும் தொலையும். துப்பாக்கி எண்ணெய் இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது, ஆனால் மூன்று மாதம் காவல் நிற்காது. நீண்ட நாள் வைப்பதென்றால் வெளியே மெல்லிசாகக் கிரீஸ்.

இனி உங்கள் அறை. நான் எட்டிப் பார்த்த அளவில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அறையின் ஒரு சுவர் கழிவறையை ஒட்டியிருந்தது. சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஓதம். மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி. அதன் பக்கத்தில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையும் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலும். இடவசதி இல்லாமல் வைத்திருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வருவது கந்தக அமிலத் துளிகள், ப்ளீச்சிங் பவுடரிலிருந்து வருவது குளோரின், பாட்டில் மூடி வழியே கசிவது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி. இந்த மூன்றும் துப்பாக்கிகளோடு ஒரே அறையில். மழையே பெய்யாவிட்டாலும் அங்கே துருப் பிடிக்கும். எனக்கு ஒரு கேட்பு மட்டும்தான் அனுமதி என்றால், அந்த மூன்றையும் வெளியே வையுங்கள் என்பதைத்தான் கேட்பேன். செலவு ஒரு பைசா இல்லை.

இதில் உங்களை மட்டும் சொல்லக்கூடாது. குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் ரப்பர் ஷீட்டுக்குப் பால் உறையவைக்கும் ஆசிட் கேனையும் பன்றி விரட்டும் துப்பாக்கியையும் ஒரே ஸ்டோர் அறையில் வைப்பார்கள். ஃபார்மிக் அமில ஆவி கிடைத்தால் இரும்புக்கு வேறு எதிரி வேண்டாம். கரிமருந்து போட்டுச் சுடும் பழைய வாய்வழித் துப்பாக்கி என்றால் குழலுக்குள் மிஞ்சும் கரியே ஈரத்தை இழுக்கும். வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் போட்ட பிறகுதான் ஒப்படைக்க வேண்டும். அழுக்கோடு கொண்டு கொடுத்துவிட்டு உங்களிடம் சண்டைக்கு வருவது நியாயம் இல்லை.

சரி, ஈரத்தை எப்படிக் குறைப்பது? இரண்டு வழி உண்டு, இரண்டையும் குழப்பக்கூடாது. ஒன்று சூடு. 28 டிகிரியில் 85 சதவீத ஈரம் உள்ள காற்றை 34 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் அதே அளவு இருந்தாலும், ஈரப்பதம் 60க்கு இறங்கிவிடும். ஆறு டிகிரிதான் வித்தியாசம். முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸில் பூஞ்சை வராமல் இருக்க அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பை எரியவிடுவார்கள். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரை. இரவும் பகலும் எரிந்தாலும் மாதம் 11 யூனிட்தான். இப்போது கடையில் ஜீரோ வாட் என்று தருவது எல்இடி. அது வெளிச்சம் தரும், சூடு தராது. இதற்கென்றே கம்பிபோல நீண்ட சிறு ஹீட்டர் விற்கிறார்கள், பீரோவின் அடித்தட்டில் படுக்கவைத்தால் சூடு தானே மேலே ஏறும். பல்போ ஹீட்டரோ, பக்கத்தில் துணி கூடாது. தோட்டாவும் வெடிமருந்தும் அந்தப் பீரோவிலேயே இருக்கக்கூடாது.

இன்னொரு வழி சிலிகா ஜெல் என்கிற, ஈரம் உறிஞ்சும் மணிகள். தன் எடையில் ஏறக்குறைய கால் பங்குத் தண்ணீரைக் குடிக்கும். ஆனால் கதவு இறுக்கமாக மூடினால்தான். மழைக்காலத்தில் ஒரு பீரோ நிறையக் காற்றில் இருப்பது 20 கிராம் தண்ணீர்தான், அதை எடுப்பது பெரிய காரியமில்லை. இடுக்கு வழியே புதுக்காற்று வந்துகொண்டே இருந்தால் கடலையே காயவைக்கப் பார்ப்பதுபோல ஆகிவிடும். நான் கதவோரம் ரப்பர் பீடிங் ஒட்டி, ஓட்டை போட்ட தகர டப்பாவில் அரைக் கிலோ வைத்தேன். இப்போது 50ஐ ஒட்டி நிற்கிறது. ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாக மாறினால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயவைத்தால் போதாது, 110, 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வறுக்க வேண்டும். நீலமாக இருந்து ரோஸாக மாறும் வகையில் கோபால்ட் இருக்கிறது, சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கடையில் ஈரம் உறிஞ்ச என்று தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பையும் வேண்டாம். அது குடித்த ஈரத்தை உப்புத் தண்ணீராகத் தேக்கி வைக்கும். ஒருநாள் கவிழ்ந்தால் அலமாரியில் உள்ள அத்தனை துப்பாக்கியும் போச்சு.

குழல் வாயில் துணி அடைக்காதீர்கள், உள்ளே ஈரம் சிறைப்படும். திறந்து வைத்தால் குளவி மண்கூடு கட்டும் என்பதும் உண்மை. அடைபட்ட குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். ஆகவே வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டினால் போதும். திருப்பித் தரும்போது காலி என்று உறுதி செய்த பிறகு குழலின் வழியே ஒரு தடவை வெளிச்சம் பார்த்துவிடுங்கள்.

நான் கேட்பது பட்ஜெட் இல்லை. அடுத்த தேர்தலுக்கு நான் துப்பாக்கியைக் கிரீஸ் தடவி, விசிஐ பையில் போட்டுக் கொண்டுவருவேன். இயந்திர உதிரிபாகங்களைக் கப்பலில் அனுப்பும்போது சுற்றுவார்களே, துருவைத் தடுக்கும் ஆவி அதிலிருந்து மெல்ல வந்துகொண்டிருக்கும், அந்தப் பை. கண்ணாடிபோல இருப்பதால் எண்ணை வெளியிலிருந்தே படிக்கலாம். ரசீது எண்ணை இரும்பில் ஒட்டாமல் பையின் வெளியே நூலில் கட்டுங்கள். "இப்படிப் பையில் வாங்க விதி இல்லை" என்று மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதற்கு ஒரு வரி உத்தரவு வேண்டுமென்றால் மேலதிகாரிகளிடம் நீங்களே கேட்டு வாங்கி வையுங்கள், நாங்கள் கேட்டால் நாளாகும். மாதம் ஒரு தடவை உங்கள் முன்னிலையில் வந்து எங்கள் கையாலேயே துடைத்துவிட்டுப் போக அனுமதித்தால் இன்னும் நல்லது.

பையோடு சிலிகா போட்ட ஒரு தகர டப்பாவும் இருக்கும். அதையும் ரசீதில் எழுதிக்கொள்ளுங்கள், தொலைந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டம்மா துவரம்பருப்பு வைத்திருந்த டப்பா அது. எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துப்பாக்கிக் காவலர் ஒருவர்,
முட்டம் பக்கத்திலிருந்து